சங்கிலியை அறுப்பவன்

இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’ படத்தை (1954) மறுபடியும் பார்த்தேன். மார்பில் கட்டிய இரும்புச் சங்கிலியை மூச்சடக்கி அறுத்துக் காட்டும் தெருவித்தைக்காரன் ஜம்பானோ. பத்தாயிரம் லிராவைத் தாயிடம் கொடுத்து ஜெல்சோமினாவை அழைத்துப் போகிறான். அவளுடைய சகோதரி ரோசாவும் முன்பு அவனோடு போனவள்தான், உயிரோடு திரும்பவில்லை.

தன் வருகையை அறிவித்து முரசு கொட்ட அவளுக்குச் சொல்லித் தருகிறான். தவறினால் காலில் குச்சியால் ஒரு விளாசு. ஜெல்சோமினாவாக நடிக்கும் ஜூலியெட்டா மஸீனாவின் முகத்தில் வலியும் திகைப்பும் மாறி மாறி ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! ஜம்பானோவாக வரும் ஆண்டனி குவின் முரட்டுத்தனத்தைத் துளியும் பூசி மெழுகவில்லை.

கம்பிமேல் நடக்கும் வித்தைக்காரன் ஜெல்சோமினாவிடம் ஒரு கூழாங்கல்லைக் காட்டி, இதற்கும் ஏதோ பயன் உண்டு என்கிறான். எல்லோரும் சிலாகிக்கும் காட்சி. எனக்கோ அங்கேதான் படத்தோடு சண்டை. ‘நீ அவனோடு இல்லாவிட்டால் வேறு யார் இருப்பார்கள்’ என்ற அதே பேச்சுதான் அவளை அந்த முரடனோடு கட்டிப்போடுகிறது. பின்னர் ஜம்பானோவிடம் அடிபட்டுச் சாகிறவனும் அந்தக் கம்பி வித்தைக்காரனே. கைக்கடிகாரம் உடைந்துவிட்டதே என்று முனகிவிட்டுச் சரிகிறான்.

கடைசியில் கடற்கரையில் ஜெல்சோமினாவை நினைத்து ஜம்பானோ அழுவதைக் காதல் என்று கொண்டாட என்னால் முடியவில்லை. பனிக்குளிரில், தூங்குகிற அவள் பக்கத்தில் டிரம்பெட்டை வைத்துவிட்டு நழுவியவன் அல்லவா? ஆனாலும் கண் கலங்கியது. பழியை நீனோ ரோட்டாவின் இசைமேல் போடுகிறேன்.