கோட்டோரம் உருளும் பந்து

இன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொட்டுப் போக வேண்டிய இடம்) வழியே போகும் எல்லைக் கோட்டை ஒட்டி மெதுவாக ஒரு பந்து. உள்ளே, வெளியே, திரும்ப உள்ளே. அம்பயர் வாயே திறக்கவில்லை.

அதுதான் சரி!

பேஸுக்கு இந்தப் பக்கம், அதாவது அடிப்பவர் பக்கம், உருளும் பந்து எங்கே நிற்கிறதோ, அல்லது எங்கே கை படுகிறதோ, அந்த இடம்தான் கணக்கு. ஃபீல்டரின் கால் எங்கிருந்தால் என்ன, பந்தை மட்டும் பாருங்கள். கோட்டை இம்மி தொட்டாலும் ஃபேர், அதாவது செல்லும் பந்து. அடிப்பவர் அருகே தரையில் இருக்கும் தகடான ஹோம் பிளேட்டும் ஃபேர்தான், பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஃபவுலுக்கு, அதாவது கோட்டுக்கு வெளியே போன செல்லாத பந்துக்கு, இரு கையையும் உயர்த்திக் கத்த வேண்டும். ஃபேருக்குச் சத்தமே கூடாது, உள்பக்கம் கை காட்டினால் போதும்.

அவசரப்பட்டு "ஃபவுல்" என்று கத்திவிட்டால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஓடியவர்களை அப்புறம் எந்த பேஸில் கொண்டுபோய் நிறுத்துவது?

துள்ளிப் போகும் பந்து என்றால் பேஸைக் கடக்கும் கணம் மட்டும் போதும். அப்போது உள்ளே இருந்தால், அப்புறம் வெளியே போனாலும் ஃபேர்.