படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும்

பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற காலை. பையெல்லாம் கட்டியாயிற்று, ஆயா (அம்மாவைப் பெற்றவர்) பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் படிவம் வரும். "குழந்தை பேரை எழுதிக் கொடுத்திடுங்க" என்பார்கள். அப்பத்தா போனில் ஒரு பேர் சொல்வார், ஐயா (தாத்தா) இன்னொன்று சொல்வார், பெற்றவள் அரைத் தூக்கத்தில் தலையாட்டுவாள். பத்து நிமிடத்தில் பேனா மையில் ஒரு பேர் ஏறிவிடும். "வச்ச பேர் மனசுக்கு ஒட்டவேயில்லை" என்ற வருத்தம் பல வீடுகளில் இந்தப் பத்து நிமிடத்தில்தான் முளைக்கிறது.

அந்தப் படிவம் பிறப்பு அறிக்கை, படிவம் 1. பெயர் இன்னும் வைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று அதிலேயே இருக்கிறது. 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பை, பெயரை அல்ல. பெயரில்லாமலும் சான்றிதழ் கிடைக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை எக்காரணம் கொண்டும் மாற்ற இயலாது என்றுதான் தமிழ்நாட்டில் அறிவிக்கிறார்கள். சேர்ப்பது சுலபம், மாற்றுவது பெரும்பாடு. கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. சிங்கப்பூர், மலேசியா என்று உடனே கிளம்ப வேண்டிய குடும்பத்துக்கு மட்டும் இந்த அவகாசம் கிடையாது; பெயரில்லாமல் பாஸ்போர்ட் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு இருப்பது பிள்ளை பிறந்த ஊரில், உங்கள் சொந்த ஊரில் அல்ல. வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் இருந்தாலும் பிரசவம் மதுரையில் என்றால் மதுரை மாநகராட்சியில்தான் பெயர் சேர்க்க வேண்டும். தாய்வீட்டுப் பிரசவம் வழக்கமான நம் பக்கத்தில் தவறான அலுவலகத்துக்கு நடப்பவர்கள் நிறைய. பெயர் சேர்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார் ஆகியவற்றோடு அப்பா, அம்மா இருவருமே போவது நல்லது. பல இடங்களில் இருவர் கையெழுத்தையும் கேட்கிறார்கள்.

சரி, பேர் ஏன் பிடிக்காமல் போகிறது? செட்டிநாட்டில் இதற்கென்று தனிக் காரணம் ஒன்று உண்டு. தலைப்பிள்ளைக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பேர், அடுத்தவனுக்கு ஆயா வீட்டு ஐயா (அம்மாவின் அப்பா) பேர் என்பது ஊர் வழக்கம். அண்ணாமலை, முத்தையா, மெய்யப்பன், உமையாள், மீனாள், சிகப்பி என்று பேரன் பேத்தி வழியாகவே பேர்கள் இறங்கி வருகின்றன. அழகான வழக்கம். ஆனால் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் கூடவே வருகிறது. பத்து மாதம் சுமந்தவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் "ராசா", "பெரியவனே" என்றே ஓட்டுகிறாள். சான்றிதழில் இருக்கும் பேர் அவளுக்கு அந்நியமாகவே நின்றுவிடுகிறது. அதோடு, பங்காளிகள் எல்லாரும் ஒரே ஐயாவின் பேரை வைப்பதால் ஒரே வளவில் (பங்காளிகள் சேர்ந்து புழங்கும் வீட்டில்) பெரிய அண்ணாமலை, சின்ன அண்ணாமலை என்று அடையாளம் சொல்லிக் கூப்பிட வேண்டியதாகிறது.

இந்த வருத்தத்துக்குப் பேர் மாற்றம் தேவையே இல்லை. கூப்பிடுகிற பேர் ஒன்றை முடிவு செய்து வீட்டில் எல்லாரும் அதையே சொன்னால் போதும். வீட்டுக்கு ஒரு பேர், ஏட்டுக்கு ஒரு பேர் என்பது நமக்குப் புதிதில்லை. ஐந்தாறு மாதத்தில் பிள்ளை தன் பேருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும்; அதற்குள் கூப்பிடும் பேர் நிலைத்துவிட்டால் நல்லது.

பேரே பிடிக்கவில்லை என்றால், பிள்ளை பெற்ற அலுப்பிலும் தூக்கமின்மையிலும் எதுவுமே பிடிக்காத நாட்கள் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் மூன்று மாதம் எந்த மனுவும் எழுதாதீர்கள். மனதில் இருக்கும் மாற்றுப் பேரை இரண்டு வாரம் புழங்கிப் பாருங்கள். வீட்டின் உள்பக்க ரெண்டாங்கட்டிலிருந்து வாசல்பக்க முகப்புக்குக் கேட்கும்படி கூப்பிடுங்கள். தடுப்பூசி அட்டையில் எழுதுவதுபோல் தாளில் இனிஷியலோடு எழுதிப் பாருங்கள். கூப்பிடும்போது நாக்கு இடறுகிறதா, பாதியாகச் சுருங்கிவிடுகிறதா என்பது அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

நட்சத்திர எழுத்துக்காகப் பிடிக்காத பேரை வைத்துவிட்டோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பேர்களே பல நட்சத்திரங்களுக்குப் பொருந்தும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. வள்ளியப்பனும் வள்ளியம்மையும் இருக்கிறார்கள். மகத்துக்கு ம, மி, மு, மெ. முத்தையா, மீனாள், மெய்யம்மை எல்லாம் அடங்கும். திருவாதிரைக்கு கு, க, ங, ச என்பார்கள். ங-வில் தமிழில் பேர் கிடையாது. ஜோசியரே அங்கே விட்டுக்கொடுப்பார். மற்ற எழுத்துகளுக்கும் அதே இளக்கத்தைக் கேட்டுப் பெறலாம்.

எங்களைக் கேட்டால், பேரைவிட அதிகம் வருந்த வைப்பது ஆங்கில எழுத்துக்கூட்டு. மெய்யப்பனுக்கு ஒரு வீட்டில் இரண்டு 'ஒய்', இன்னொரு வீட்டில் 'ஐ ஒய்'. சொக்கலிங்கத்தை 'சி ஹெச்' போட்டும் எழுதுகிறார்கள், 'எஸ்' போட்டும் எழுதுகிறார்கள். லெட்சுமணன் ஒரு தாளில் 'டி சி ஹெச்', மறு தாளில் 'கே எஸ் ஹெச்'. எண்கணிதத்துக்காக ஓர் 'ஏ' கூடச் சேர்த்திருந்தால், தட்டச்சு செய்கிறவர் அதைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடவும் கூடும். இனிஷியல் அதைவிடச் சிக்கல். 'ராம.', 'பழ.', 'அழ.', 'சித.' என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் 'ஆர்எம்', 'பிஎல்', 'ஏஎல்', 'சிடி' ஆகிறது. இரண்டு எழுத்து, ஆனால் ஒரே ஆளின் பேர். இதைக் கணினியில் ஏற்றுகிறவர் 'பி' தனி, 'எல்' தனி என்று இடைவெளி விட்டால் பழனியப்பன் என்ற ஒரு தகப்பன் இரண்டு பேராகிவிடுவார். பாஸ்போர்ட்டில் இனிஷியலே கிடையாது, முழுப் பேராக விரித்தாக வேண்டும். அதனால் பெயர் சேர்க்கும் நாளில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் முன் திரையில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

ஐயா பேரை நீக்கினால் அவமரியாதை என்று பெரியவர்கள் கலங்குவார்கள். அந்தக் கலக்கம் நியாயமானது, அவசரமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இந்த மண்ணில் பேர் மாறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். பிள்ளை கூட்டிக்கொள்ளும்போது, அதாவது தத்தெடுக்கும்போது, பேரை மாற்றுவது இங்கே நடப்பதுதான். 1927-ல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், காரைக்குடிக்குச் சுவீகாரம் போனபோது நாராயணன் ஆனார். பெயர் இன்னும் பதிவாகவில்லை என்றால் நடுவழி ஒன்றும் உண்டு: ஐயா பேரையும் புதுப் பேரையும் சேர்த்தே பதிந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? முதலில், நடந்தது எழுத்துப் பிழையா, மன மாற்றமா என்று பிரியுங்கள். பிழை என்றால் 1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் தேதியோடு கையெழுத்திடுவார். நீங்கள் கேட்ட எழுத்து அதுதான் என்பதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தின் நகல் இருந்தால் பெரிய உதவி.

மன மாற்றம் என்றால் அரசிதழ் வழி. சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு, மைனர் பிள்ளைக்காக அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அரசிதழ் வந்துவிட்டதாலேயே பிறப்புச் சான்றிதழ் தானாக மாறிவிடாது. இரண்டையும் சேர்த்தே எங்கும் காட்ட வேண்டியிருக்கும். சான்றிதழிலேயே மாற வேண்டும் என்றால் வக்கீலைப் பார்த்து நீதிமன்றம் போவது பற்றிப் பேசுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால், அவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்.

ஆதாரில் போய் முதலில் கை வைக்காதீர்கள். அங்கே பேரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். திருத்திய சான்றிதழோ அரசிதழோ கைக்கு வந்த பிறகு ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து பள்ளிப் பதிவேடு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியல் பழைய பேரில் அச்சாகிவிட்டால் அதற்குத் தனியாக அலைய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் எல்லாம் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கின்றனவா என்று அன்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.