காத்திருக்க ஒரு த்ரெட்

"சன் கம்பெனியே சோலாரிஸ் 9-ல அதைத் தூக்கிட்டாங்க சார்" என்றேன். சோலாரிஸ், சன் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டம்; கெர்னல் என்பது அப்படி ஒரு சிஸ்டத்தின் உள்மையம். 'அது' என்றது, ஒரு புரோகிராமின் பல த்ரெட்களை, அதாவது தனித்தனியாக ஓடும் வேலைகளை, சில கெர்னல் த்ரெட்களில் மட்டும் ஏற்றி ஓட்டும் பழைய முறையை. என் சீனியர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. திருவொற்றியூர் யார்டின் கேட் புரோகிராமை லினக்ஸுக்கு மாற்றும் பேச்சு அந்த வரியோடு முடிந்தது.

அவர் கேட்டது இதுதான்: "எண்ணூர் ரோட்டுல ட்ரெய்லர் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு த்ரெட். எல்லாம் எடைமேடை பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு. சும்மா நிக்கிறதையெல்லாம் கெர்னல் ஏம்பா சுமக்கணும்?"

நான் சொன்னது பொய்யில்லை. 2002-இல் வந்த சோலாரிஸ் 9, த்ரெட் ஒன்றுக்கு எல்டபிள்யூபி, அதாவது கெர்னல் பார்த்து ஓட்டும் த்ரெட், ஒன்று என்று மாறியது. லினக்ஸில் ஐபிஎம்மின் என்ஜிபிடி என்ற த்ரெட் லைப்ரரி பல த்ரெட்களைச் சில கெர்னல் த்ரெட்களில் ஏற்றப் பார்த்து நின்றுபோனது. ஒன்றுக்கு ஒன்று என்ற என்பிடிஎல் லைப்ரரி நிலைத்தது. பின்னாளில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் 7.0-இல் அதே வழிக்கு வந்தது.

பழைய முறையில் நாங்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. நாலு சிபியு இருக்கும். கணக்குப் போடும் த்ரெட்களோ ஒரே எல்டபிள்யூபியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். செட்கன்கரன்சி என்ற ஃபங்ஷனைப் போட்டு நாமே கேட்டால்தான் இன்னொன்று கிடைக்கும். இருக்கிற எல்டபிள்யூபி எல்லாம் கெர்னலுக்குள் முடங்கினால், கெர்னலிடமிருந்து சிக்வெய்ட்டிங் என்ற சிக்னல் வந்து லைப்ரரி புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். எதை எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்ய ஒரே புரோகிராமுக்கு இரண்டு ஷெட்யூலர்: லைப்ரரியில் ஒன்று, கெர்னலில் ஒன்று. இது நினைப்பது அதற்குத் தெரியாது.

ஆனால் அவர் கேட்டது வேகத்தைப் பற்றி இல்லையே, காத்திருப்பதைப் பற்றி. கோ மொழி கோரூட்டீன் என்ற தன் சின்ன த்ரெட்களை ஆயிரக்கணக்கில் சில கெர்னல் த்ரெட்களில்தான் ஓட்டுகிறது. 2023-இல் ஜாவா 21-உம் விர்ச்சுவல் த்ரெட் என்று அதையே கொண்டுவந்தது. அதைப் படித்த அன்று அவர் ஞாபகம்தான் வந்தது. அதற்குள் அவர் ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார்.

சரி, அங்கே சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பில், காத்திருக்கும் வேலை மொழியோடு வரும் ரன்டைம் கையில் இருக்கிறது. எங்களுடையது சி. எடைமேடைக்காரர்கள் கொடுத்த லைப்ரரி, சீரியல் போர்ட்டில் ரீட் போட்டு அப்படியே உட்கார்ந்துவிடும், அது ஓடும் கெர்னல் த்ரெட்டும் அதோடு முடங்கும், மாற்றலாம் என்றால் சோர்ஸும் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் என்பிடிஎல் என்றுதான் சொல்வேன்.

அன்றைக்கு இந்தக் காரணம் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை, சன்னின் பெயர் சீக்கிரம் பேச்சை முடித்தது. சொல்லியிருந்தால் சார் விட்டிருக்க மாட்டார். "அந்த ரீடை மட்டும் பவுண்ட் த்ரெட்ல போடு, மிச்சத்துக்கு என்ன கேடு?" என்றிருப்பார். தனக்கென்றே ஒரு எல்டபிள்யூபி வைத்திருப்பது பவுண்ட் த்ரெட்; சோலாரிஸில் அதற்கும் வழி இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.