விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்ட்: சிக்கல் வந்த இடங்கள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 மடிக்கணினிகளை அது கழித்துக்கட்டிவிடுகிறது. அப்படிப்பட்டவற்றில்தான் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 4 ஜிபி ரேம் போதும் என்பார்கள். உலாவியில் பத்துப் பக்கம் திறந்தால் திணறும், 8 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான், எந்த இயங்குதளம் போட்டாலும்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. இழுத்தடிப்பதெல்லாம் அதற்கு முன்பு, விண்டோஸ் பக்கத்தில். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்வதென்றால் முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைப் பாருங்கள்: 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பூட்டை நீக்குங்கள். அடுத்து, விண்டோஸை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது அரைத்தூக்கம்தான். லினக்ஸிலிருந்து சி டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலியாக விடுங்கள்.

8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் மூலம் மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை எழுதி, அதிலிருந்தே நிறுவாமலே ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, ஸ்லீப் மூன்றையும் சோதியுங்கள். பிராட்காம் நிறுவனச் சில்லு உள்ள வைஃபை பல நேரம் எழாது; கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி இணையம் கொடுத்தால், நிறுவியபின் டிரைவர் மேனேஜரில் சரியாகிவிடும்.

டிஸ்க்கே தெரியவில்லையா? கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் சேமிப்பகம் ரெய்டு முறையில் இருக்கலாம். அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிடுங்கள்; மறந்தால் விண்டோஸ் எழாமல் நீலத்திரைதான். செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் ஏற்பாடு) உள்ள கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டால், மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வந்து, நிறுவும்போது நீங்கள் வைத்த கடவுச்சொல்லைக் கேட்கும். இது பிழையல்ல. பயந்துபோய் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீரும்.

தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் அதன் எம்17என் பொதியும் வேண்டும். போட்டதும் ஒருமுறை வெளியேறி நுழையுங்கள். லதா, நிர்மலா எழுத்துருக்கள் இங்கே இல்லாததால் எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரெஆபிஸில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து பக்கங்கள் நகரும். அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுவதே நல்லது.

டேலி, ஃபோட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைனில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்பவர்களிடம் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கச் சொல்லிப் பாருங்கள். கணக்கர் மேசையில் விண்டோஸ் இருக்கட்டும்.