தெரிந்த சொல் இடறும் இடம்

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதுவோர் வாசிப்புப் பகுதியில் ஒன்பதுக்கு 7 மதிப்பெண் பெற வேண்டும்; மூன்று நீண்ட உரைப்பகுதிகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள் என்ற அமைப்பில் ஏறத்தாழ 30 விடைகள் சரியாக இருந்தால்தான் அந்த 7 கிட்டும். மருத்துவமனைப் பணியில் இருந்துகொண்டே படிக்க வரும் செவிலியர்களுக்கு இந்த வாசிப்புப் பகுதியைப் பயிற்றுவிப்பது என் வேலை.

வகுப்பில் சேர்ந்தவுடன் அநேகமாக எல்லோரும் கேட்பது கடினமான சொற்களின் பட்டியலைத்தான். நான் அதைக் கொடுப்பதில்லை. தேனீக்களைப் பற்றியோ பழைய பாலங்களைப் பற்றியோ வரும் உரைப்பகுதியில் துறைசார்ந்த அருஞ்சொல் இருந்தால், பெரும்பாலும் அடுத்த வரியிலேயே அதன் விளக்கம் இருக்கும், அல்லது கீழே சிறு குறிப்பாகத் தரப்பட்டிருக்கும். அத்தகைய சொல்லைக் கண்டதும் மாணவர்களும் எச்சரிக்கையாகி, முன்பின் வரிகளைப் பார்த்துப் பொருளை ஊகித்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது வினாவில் உள்ள எளிய சொற்களால்தான். அவை ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் ஒருவரும் அவற்றில் நின்று பார்ப்பதில்லை.

‘கிளெய்ம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் நாள்தோறும் காதில் விழும் சொல் அது. காப்பீட்டுப் பணம் என்பதற்கு மேல் அங்கே அதற்கு வேலையில்லை. கட்டுரையாளரின் ‘கிளெய்ம்’களோடு கீழ்க்காணும் கூற்று ஒத்துப்போகிறதா என்று வினாத்தாள் கேட்கும்போது, அவர் உண்மையென வலியுறுத்தும் கருத்தையே அது குறிக்கிறது. ‘ரெஃபர்’ என்றால் வேறு மருத்துவமனைக்கு அனுப்புவது என்று பழகியவர், மூன்றாம் பத்தியில் உள்ள ‘இட்’ எதை ‘ரெஃபர்’ செய்கிறது என்ற வினாவில் ஒரு நொடி திகைக்கிறார். இவற்றைவிட ஏமாற்றுவது ‘சஜெஸ்ட்’. ஆலோசனை கூறுவது என்றே பள்ளியில் படித்திருப்பதால், ஆசிரியர் என்ன ‘சஜெஸ்ட்’ செய்கிறார் என்ற வினாவுக்கு உரைப்பகுதியில் எங்காவது ஓர் அறிவுரை இருக்கிறதா என்று தேடி நேரத்தை இழக்கிறார்கள். அங்கே கேட்கப்படுவது, அவர் வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தியது எது என்பதே.

ஒரு கூற்று உரைப்பகுதிக்கு ஒத்திருந்தால் ‘ட்ரூ’, முரண்பட்டால் ‘ஃபால்ஸ்’, அதைப் பற்றி உரைப்பகுதியில் தகவலே இல்லையென்றால் ‘நாட் கிவன்’ என்று எழுதும் வினாவகை ஒன்று உண்டு. எல்லா மாணவர்களுமே இதில் திணறுவார்கள் என்றாலும், செவிலியர்கள் திணறுவதற்குத் தனிக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தகவல் இல்லாத ஒரு கூற்றுக்கு ஏன் ‘ஃபால்ஸ்’ என்று எழுதினீர்கள் எனக் கேட்டபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒருவர் சொன்னார்: “சார்ட்ல எழுதலேன்னா செய்யலேன்னுதானே மேடம் அர்த்தம்?” ஊசி போட்டிருந்தாலும் பதிவேட்டில் ஏறாவிட்டால் போடவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம், நோயாளியின் உயிரைக் காக்கும் அந்த ஒழுக்கம், தேர்வுத்தாளில் நேரெதிராக வேலை செய்கிறது. எழுதப்படாததை மறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்று விளக்கினால் தலையசைத்துவிட்டு, அடுத்த பயிற்சித்தாளில் மீண்டும் ‘ஃபால்ஸ்’ என்றே எழுதுகிறார்கள். பல ஆண்டுப் பழக்கம் ஒரு வகுப்பில் மாறிவிடாது.

இதற்கு நான் கையாளும் வழி, கூற்றில் உள்ள அளவுச் சொற்களின் கீழ் முதலில் கோடிடச் செய்வது. ‘ஆல்’, ‘மோஸ்ட்’, ‘ஒன்லி’, ‘மே’ போன்ற சொற்களில்தான் வினாவின் முடிச்சு இருக்கும். பெரும்பாலான நோயாளிகள் மூன்று நாளில் வீடு திரும்பினர் என்று உரைப்பகுதி சொன்னால், அனைவரும் திரும்பினர் என்ற கூற்று ‘ஃபால்ஸ்’. முதியவர்கள் மட்டுமே தங்கினர் என்ற கூற்றோ ‘நாட் கிவன்’, ஏனெனில் தங்கியவர்கள் யார் என்று உரைப்பகுதி சொல்லவேயில்லை. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வேறுபாடு பிடிபடுகிறது.

இரண்டு சொற்களுக்கு மிகாமல் விடை எழுதுக என்ற கட்டளையை மட்டும் இவர்கள் மீறி நான் பார்த்ததில்லை. மருந்தின் அளவை மில்லிகிராம் பிசகாமல் பின்பற்றுபவர்களுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

ஓஇடி முழுவதும் மருத்துவச் சூழலிலேயே அமைவதால் எளிது என்று எண்ணி அதற்கு மாறுவோர் பலர். அதன் ‘பி’ பிரிவில் மருத்துவமனைச் சுற்றறிக்கை, கருவியின் பயன்பாட்டுக் குறிப்பு போன்ற ஆறு சிறு பகுதிகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாவும் வரும். அவற்றின் பொருள் செவிலியர்களுக்கு நன்றாகத் தெரிந்திருப்பதே தொல்லை: அச்சுற்றறிக்கை ஊழியர்களுக்கு எதை நினைவூட்டுகிறது என்ற வினாவுக்கு, தங்கள் வார்டில் எது நடைமுறையோ அதையே விடையாகக் குறித்துவிடுகிறார்கள். ஆகவே அங்கும் நான் முதலில் கோடிடச் சொல்வது ‘அக்கார்டிங் டு’, அதாவது ‘இதில் உள்ளபடி’, என்ற சொற்களின் கீழ்தான். வினாவில் அவை இல்லாவிட்டால், வினாவுக்கு முன் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.