அசிட்டேட்டும் ஃபாயிலும்: மினுமினுக்கும் முத்திரை அட்டை

அசிட்டேட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் மையை உறிஞ்சாது. நீர் கலந்த மை முத்துமுத்தாகத் திரண்டு, தொட்டாலே அழியும். ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மைதான் சரி. முத்திரையை ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். வழுக்கினால் கோடு இரட்டையாகிவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஆல்கஹால் மையால் வண்ணம் கொடுங்கள். முன்பக்கம் பூசினால் அச்சுக்கோடே கரையும்.

அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, மெல்ல விரித்து, பளபளக்கும் பக்கம் மேலிருக்க அட்டையில் ஒட்டுங்கள். சுருக்கத்தை முழுக்கத் தேய்த்துவிடாதீர்கள், மினுக்கமே அதில்தான் இருக்கிறது! வழவழப்பான ஃபாயில் வெறும் கண்ணாடிபோல் சப்பென்றிருக்கும்.

இந்த ஃபாயிலின் மேல் அசிட்டேட்டை, வண்ணப்பக்கம் கீழிருக்க, வையுங்கள். அசிட்டேட்டுக்கு அடியில் பசை தடவினால் அப்படியே தெரியும். ஓரங்களில் மட்டும் 3 மி.மீ. இரட்டைப்பக்க டேப் ஒட்டி, மேலே காகிதச் சட்டம் வைத்து மறைத்துவிடலாம்.