பத்திரிகையை வீட்டில் வைத்துவிட்டுப் போனவன்

சித்தப்பா மகளுக்கு மலேசியாவில், கிள்ளானில் கல்யாணம். 2025 மாசி மாதம். அப்பாவுக்கு மூட்டு வலி, நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அப்பாவை விட்டுவிட்டு அம்மா நகர மாட்டார். ஆகவே வீட்டின் சார்பில் நான். பட்டுக்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டு நாள் கடையைப் பூட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பாஸ்போர்ட் 2017இல் எடுத்தது. அதுவரை அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர்தான் முதலில் ஆரம்பித்து வைத்தார். "அங்க சொந்தக்காரங்க இருக்காங்கன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. அப்படியே தங்கி வேலை பாக்கத்தான் வர்றான்னு முடிவு பண்ணி அடுத்த பிளைட்ல ஏத்தி விட்ருவான். பத்துமலை முருகனப் பாக்கப் போறேன், டூரு, அவ்வளவுதான்." எங்கள் தெருவில் மலேசியா போய் வந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். கல்யாண வீட்டுக்காரரான சித்தப்பாவே போனில் அதைத்தான் சொன்னார். அவர் போனது 1989இல். அந்தக் காலத்து பயம் இன்னும் அவரை விடவில்லை.

இத்தனை பேர் சொன்ன பிறகு என்ன செய்வது? நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாட்டிக்கொண்டால் ஆபத்தான கடிதம் போல அதைப் பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

இந்தியர்களுக்கு மலேசியா போக இப்போது விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை சும்மாவே போய் வரலாம். அதற்குப் பதிலாக, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்ற வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அவர்களுடைய குடிநுழைவுத் துறை இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பலாம், பத்து நிமிட வேலை. நான் அதற்கு ஏஜெண்டிடம் 500 ரூபாய் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் போன் ரிப்பேர் செய்பவன் ஒரு படிவம் நிரப்பக் காசு கொடுத்தான் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தங்கும் ஓட்டல் என்று கோலாலம்பூரில் ஒரு பெயரைப் போட்டு, புக்கிங் தாளையும் அவரே அச்சடித்துக் கொடுத்தார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. என்னுடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற முத்திரை விழுந்தது. பத்தாவது பாஸ் செய்தவன்தான் நான். ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது மார்க் ஷீட் கையில் இல்லை, அவசரத்தில் அப்படியே விண்ணப்பித்துவிட்டேன். பத்தாவது முடித்ததற்குச் சான்று கொடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் அந்த முத்திரை விழுந்துவிடும். 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். வைத்திருப்பவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகள் எல்லாம் அதில் வரும். மலேசியாவும் தாய்லாந்தும் உண்டு. சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போவதென்றால் அந்த அனுமதி வேண்டாம். ஆனால் கவுண்டரில் இருப்பவர் அந்த முத்திரையைப் பார்த்ததும், இவன் டூர் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறானோ என்று யோசிப்பார். யோசிக்காமல் இருந்தால்தான் தப்பு. 2018இல் ஈ.சி.ஆர்.காரர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டையில் பாஸ்போர்ட் தரலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் கைவிட்டார்கள். நல்லவேளை. உள்பக்கம் இருக்கும் முத்திரைக்கே இந்தப் பாடு.

திருச்சியில் நள்ளிரவு பன்னிரண்டேகால் விமானம். கவுண்டர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"எங்க போறீங்க?"

"மலேசியா சார். டூர்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது பாஸ் சார்."

"அப்புறம் எதுக்கு ஈ.சி.ஆர்.?"

சொன்னேன். என்ன தொழில், கடை யார் பெயரில், எத்தனை நாள், கையில் எவ்வளவு பணம் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைக் கேள்விகளுக்கு மளமளவென்று பதில் வந்தது. போனில் கடையின் படம்கூடக் காட்டினேன். ஓட்டல் பெயர் என்ன என்று கேட்டபோதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளை எடுத்துப் பார்த்துப் படித்தேன். தங்கப் போகிறவனுக்கு ஓட்டல் பெயர் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தோளில் தொங்கிய உப்பிய பையைப் பார்த்தார். "குருவியா?" என்றார்.

குருவி என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். டிக்கெட் காசும் கொஞ்சம் கூலியும் வாங்கிக்கொண்டு யாருடைய சரக்கையாவது கொண்டு போய், அங்கிருந்து வேறு சரக்கைக் கொண்டு வருகிறவர்கள். "இல்ல சார், இதுதான் முதல் தடவை" என்றேன். முத்திரையே இல்லாத பாஸ்போர்ட் அப்போது கை கொடுத்தது. திரும்பும் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். ஆக, பொய் வேலை செய்கிறது என்ற தைரியத்தோடு விமானம் ஏறினேன். அதுதான் வினை.

அங்கே இறங்கும்போது என் கடிகாரத்தில் நாலேகால், அவர்கள் கடிகாரத்தில் ஆறே முக்கால். வரிசையில் ஒரு மணி நேரம். கவுண்டரில் இருந்த இளைஞர் ஆங்கிலத்தில் துண்டு துண்டாகக் கேட்டார். எத்தனை நாள்? எட்டு. யாரோடு? தனியாக. இங்கே யாராவது இருக்கிறார்களா? யாரும் இல்லை. எதற்கு வந்தாய்? பத்துமலை. புக்கிங் தாளை வாங்கிப் பார்த்தவர், போனை எடுத்து யாரிடமோ மலாயில் பேசினார். பிறகு என் பாஸ்போர்ட்டைத் தனியாக ஓரமாக வைத்தார். அந்த ஒரு செய்கையிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்னொருவர் வந்து "வா" என்பதுபோல் கையைக் காட்டினார்.

அறை என்றால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. நாற்காலிகள், ஏசி குளிர், ஒரு மேசை. ஏற்கெனவே பதினைந்து பேர் இருந்தோம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இரண்டு பையன்கள், ராமநாதபுரம் பக்கம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். "அண்ணே, நீங்களும் பத்துமலையா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். என் தாளில் இருந்த அதே ஓட்டல். அதே எழுத்து. விலைகூட அதேதான். மூன்று பேரும் ஒரே ஓட்டலில் தங்கி ஒரே முருகனைப் பார்க்க வந்திருக்கிறோம். அந்த அதிகாரி இந்தத் தாளை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போகக் கேட்டால் விட்டார்கள், தண்ணீர் இருந்தது. வெளியே சித்தப்பா காத்துக்கொண்டிருப்பாரே, போன் எடுக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லி அம்மா அழ ஆரம்பித்திருப்பாரே என்பதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் தெரிந்த கடிகாரத்தில் ஒன்பது ஆனது, பத்தும் ஆனது.

பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு பெண் அதிகாரி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். என் பாஸ்போர்ட்டில் ஊர் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார், அந்த ஊர்த் தமிழில்.

"பசியாறிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதிகாரி விசாரிக்கிற முதல் கேள்வி அது என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தைப்பூசம் போன வாரமே முடிஞ்சிருச்சே தம்பி. முருகன இப்ப பாக்க வந்தீங்களா?"

"கூட்டம் இல்லாம பாக்கலாம்னு, மேடம்." என் வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே நல்ல பொய் அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. ஓட்டலில் கேட்டாச்சு, உங்கள் பெயரில் புக்கிங் கேன்சல் ஆகி இரண்டு நாள் ஆகிறது என்றார். காசு கட்டாமல் புக் செய்து, தாளை அச்சடித்துக்கொண்டு ரத்து செய்துவிடுவது அந்த ஏஜெண்டின் வழக்கம் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். பையைத் திறக்கச் சொன்னார்.

பையில் ஐந்து பட்டுப் புடவை, ஒரு பட்டு வேட்டி. திருபுவனத்தில் எடுத்தது, லக்கேஜில் போட மனம் வராமல் கையில் கொண்டு வந்தேன். தனியாக டூர் வந்த ஆம்பளை, ஐந்து பட்டுப் புடவை. "விக்கறதுக்கா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மேலே இருந்த புடவையைத் தூக்கினார். அதில் அம்மா ஒரு துண்டுத் தாளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். எந்தப் புடவை யாருக்கு என்று நான் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. அந்த அதிகாரி அதைச் சத்தமாகவே படித்தார்.

"பொண்ணுக்கு. மறுவீட்டுக்குக் கட்டச் சொல்லவும்."

அடுத்தது. "சம்மந்தியம்மாவுக்கு. பச்சை பிடிக்காதாம், அதனால் மாம்பழக் கலர்."

தாளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?"

சொல்லிவிட்டேன். சித்தப்பா, கிள்ளான், மண்டபம், வெளியே அவர் காத்திருப்பது, பத்திரிகை சாமி அலமாரியில் இருப்பது, எல்லாவற்றையும். பேசப் பேச குரல் தழுதழுத்துவிட்டது. முப்பத்தொரு வயதில் ஒரு மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றேன்.

"இத அங்கயே, கவுண்டர்லயே சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்லா" என்றார். "சொந்தக்காரவங்க இருக்கறது ஒரு தப்பா? யாரு இப்படிச் சொல்லிக் குடுத்து அனுப்புறா?"

யார் என்று சொல்லவா முடியும். கல்யாண வீட்டுக்காரரே சொன்னார் என்றால் அவருக்கும் வினை.

போனைக் கொடுத்து சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த எடுப்பில் சித்தப்பா, "டேய், நான் உனக்கு ஒண்ணும் ஆகமாட்டேன்னுதானே சொன்னே?" என்றார். அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். அப்புறம் சித்தப்பாவிடம் அவரே பேசி, பத்திரிகையையும் ஐ.சி. என்கிற அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சித்தப்பாவுடையது சிவப்பு ஐ.சி., அதாவது நிரந்தரவாசி அட்டை. பத்திரிகையில் பெண்ணின் பெரியப்பா என்று என் அப்பா பெயர் அச்சாகியிருந்தது. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அப்பா பெயர் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். பதினைந்து நிமிடம். நான் ஊரில் விட்டுவிட்டு வந்த தாள், வாட்சப்பில் வந்து என்னை வெளியே எடுத்துவிட்டது.

எழுந்தபோது அந்த இரண்டு பையன்களையும் பார்த்தேன். அவர்களுக்கு என்.டி.எல். என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதாவது இறங்க அனுமதி இல்லை, வந்த விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். இருவருக்கும் சேர்த்துக் கையில் 200 ரிங்கிட். ஏதோ சாப்பாட்டுக் கடையில் வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், பர்மிட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. முறையாக வேலைக்கு வந்திருந்தால் ஒப்பந்தம் இருந்திருக்கும், ஈ.சி.ஆர். தொழிலாளிக்குக் கட்டாயமான 10 லட்ச ரூபாய் காப்பீடும் இருந்திருக்கும். சுற்றுலா என்று உள்ளே நுழைந்து வேலை பார்ப்பவனுக்கு இது எதுவும் கிடையாது. சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் வாய் இருக்காது. இதை அவர்களிடம் சொல்ல நான் யார்? நானும் அதே தாளோடுதான் வந்தேன். "வர்றேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். ஒருவன் தலையாட்டினான். மற்றவன் நிமிரவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்மந்தியம்மாவுக்கு மாம்பழக் கலர் பிடித்திருந்தது. திரும்பும்போது பத்திரிகை ஒன்றைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து, ஈ.சி.ஆரை நீக்கச் சொல்லி பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தேன். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். எட்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

போன மாதம் பெரியம்மா மகன் மலேசியா கிளம்பினான், சித்தப்பா வீட்டுக்குத்தான். அவனை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தப்பாவின் ஐ.சி. நகலை வாங்கிக்கொள், தங்கும் விலாசமாக அவர் வீட்டையே போடு, கேட்டால் உள்ளதைச் சொல் என்றேன். எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினான். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "சரிண்ணே. அந்த டிக்கெட் போட்டுக் குடுத்தாரே, அவர் நம்பர் இருக்கா?"